மோட்டாரை அணைக்கும் இடம்

மார்ச் மாதத்தில் ஒரு நாள், காலை ரேடியோ அழைப்புக்கு என் அப்பா பதில் சொல்லவில்லை.

ரஷ்யாவில் லதோகா ஏரியின் கிழக்குக் கரையில் பறவைகள் காப்பகத்துக்கு ஐந்து காவல் வீடுகள் உண்டு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சதுப்பும் தைகா என்னும் ஊசியிலைக் காடும்தான். வீட்டுக்கு ஒரு காவலர். தினமும் காலையில் அலுவலகம் ஒவ்வொரு வீடாகக் கூப்பிடும். காற்று எந்தப் பக்கம், ஏரியில் பனிக்கட்டி எப்படி, என்ன பறவை வந்தது என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்வது எல்லோருக்கும் கேட்கும். அப்பா இருந்த வீட்டுக்கு 'முனை' என்று பெயர். அன்று அலுவலகம் முனையைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. இரைச்சல் மட்டும் வந்தது. அடுத்த வீட்டுக் காவலர் வலெரியன் யாரும் சொல்லும் முன்பே சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டார்.

அப்பா விறகுக் கொட்டகையின் வாசலில் கிடந்தார். அணைத்து எடுத்த விறகு மார்பின் மேலேயே இருந்தது. வீட்டுக்குள் அடுப்பு அணைந்து, வாளித் தண்ணீர் மேலே உறைந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று பிறகு வந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

எனக்குத் தகவல் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். அந்த ஏரியில் விழும் ஆற்றின் மேற்பகுதியில் ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறது. கோளாறு வந்தால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் ரிலேக்களைச் சோதிப்பது என் வேலை. கையில் இருந்த சோதனையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் முடித்தேன் என்று தெரியவில்லை.

அப்பாவின் பெயர் சவேலி மொக்கேயிச். அந்த முனையில் பிறந்தவர். அப்போது அங்கே ஓர் ஊர் இருந்தது. எல்லோரும் மீனவர்கள், அப்பாவும்தான். காப்பகம் வந்தபோது ஊரை ஆற்றின் மறுகரைக்கு மாற்றினார்கள். வீடுகளின் மரத்தடிகளுக்கு எண் போட்டுப் பிரித்து, படகில் ஏற்றி, அந்தப் பக்கம் கொண்டுபோய் அதே வரிசையில் அடுக்கிக் கட்டினார்கள். ஒரே ஒரு வீட்டை மட்டும் பிரிக்கவில்லை. காவலருக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. ஊரில் யாராவது அந்த வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்கள். அப்பா கையைத் தூக்கினார். வலைகளைத் தம்பி முறை உள்ளவர்களுக்குக் கொடுத்துவிட்டுச் சீருடை போட்டுக்கொண்டார். பறவைகள் மேல் இருந்த அக்கறையால் அல்ல. தன் வீட்டிலேயே இருக்க வேறு வழி இல்லை.

எல்லோரும் போக, அவர் மட்டும் இருந்தார். ஊர் இதை மறக்கவில்லை.

பறவைகளில் அவருக்கு எப்போதுமே தேர்ச்சி வரவில்லை. அலுவலகத்துப் பறவையியலாளர் ரேடியோவில் தலையில் அடித்துக்கொள்வார்.

"சவேலி மொக்கேயிச், வாத்து வந்திருக்குன்னா எந்த வாத்து?"

"கத்துற வாத்து."

"எல்லா வாத்தும்தான் கத்தும். நெத்தியில வெள்ளை இருந்ததா?"

"நெத்தியக் காட்டல. பின்பக்கத்தக் காட்டிட்டுப் போச்சு."

மற்ற நான்கு வீடுகளிலும் சிரிப்பார்கள். காலை அழைப்பில் சிரிப்பு வருகிற இடம் அது ஒன்றுதான் என்று வலெரியன் சொல்வார். அம்மா இருந்தவரை, பின்னால் நின்று "நெத்தியில வெள்ளை இருந்துச்சு, எழுதிக்கோங்க" என்று குரல் கொடுப்பாள். அம்மாவின் பெயர் ஃபயினா. பறவைகளை அவள்தான் பார்த்தாள். அப்பா மனிதர்களைப் பார்த்தார். காவலருக்கு அதுதான் வேலை.

ஊர் போனாலும் கல்லறைத் தோட்டம் முனையிலேயே நின்றுவிட்டது. மணல் மேட்டில், பைன் மரங்களுக்கு நடுவே. அங்கே இனி யாரையும் அடக்கம் செய்யக் கூடாது என்பது காப்பகத்தின் விதி. ஆண்டில் ஒரு நாள், கோடைத் தொடக்கத்தில் வரும் திரித்துவத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, ஊரார் படகில் வந்து தங்கள் இறந்தவர்களைப் பார்க்கலாம். அதற்கும் ஒரு முறை உண்டு. விரிகுடாவின் வாயில் நாணல்களுக்கு நடுவே ஒரு கம்பம் நட்டிருக்கும். அந்தக் கம்பத்தில் மோட்டாரை அணைத்துவிட வேண்டும். அதற்கு அப்பால் துடுப்புதான். வடக்கே போகும் பறவைகள் அந்த விரிகுடாவில் இறங்கித் தின்று இளைப்பாறும். பிந்தி வந்தவை அந்த நாளிலும் நீரில் இருக்கும். நாணலுக்குள் பெருங்கொக்குகள் குஞ்சுகளோடு நிற்கும்.

அப்பா தன் படகைக் கம்பத்தில் கட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பார். வரும் ஒவ்வொரு படகையும் நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்பார். துப்பாக்கி, வலை, நாய்? எதையும் உள்ளே கொண்டு போகக் கூடாது, எதையும் வெளியே எடுத்து வரக் கூடாது. உறவினரிடமும் கேட்பார். பாதிரியாரிடமும் கேட்டார்.

அம்மா இறந்தது ஏப்ரலில், ஏரியின் பனிக்கட்டி உடைகிற காலத்தில். அந்த வாரங்களில் முனைக்கு யாரும் போக முடியாது, அங்கிருந்து யாரும் வரவும் முடியாது. பனிக்கட்டி ஆளைத் தாங்காது, படகுக்கும் வழி விடாது. அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது அப்பா ரேடியோவில் ஹெலிகாப்டர் கேட்டார். மூடுபனி. அனுப்புகிறோம், அனுப்புகிறோம் என்றார்கள். அவள் போன பிறகு, சவப்பெட்டியை எடுத்துவர வழி பிறக்கும்வரை காத்திருங்கள் என்றார்கள். அப்பா தன் பழைய மீன்படகைப் பிரித்து அந்தப் பலகைகளில் பெட்டி செய்தார். தானே குழி வெட்டினார். எப்படித் தனியாக இறக்கினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்றைய காலை அழைப்பை வலெரியன் கேட்டிருக்கிறார்.

"முனை. ஃபயினாவை அடக்கம் பண்ணியாச்சு. மேற்குக் காத்து. ஐஸ் நகருது. அன்னம் வந்திருக்கு. அவ்வளவுதான்."

பறவையியலாளர் எந்த அன்னம் என்று கேட்கவில்லையாம்.

நான் முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பனிக்கட்டி விலகித் தண்ணீர் தெரிந்தது. மேட்டில் புது மண் மட்டும் இருந்தது.

அதற்கு அடுத்த இலையுதிர் காலத்தில் ஊரில் நிக்காந்தர் இறந்தார். அப்பாவோடு ஒரே படகில் வலை போட்டவர். அவருடைய பெற்றோர் முனையில் படுத்திருந்தார்கள். என்னையும் அங்கே வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் மனைவி காபா அத்தை பெட்டியைப் படகில் ஏற்றினாள். பின்னால் ஊரே படகுகளில் வந்தது. கம்பத்தில் அப்பா நின்றார். தெற்கே திரும்புகிற அன்னங்கள் விரிகுடாவில் இறங்கியிருந்த நேரம் அது.

"இல்ல காபா அக்கா. திரும்பிப் போங்க."

"உன் ஃபயினா எந்த அனுமதியில படுத்திருக்கா?"

"அன்னைக்கு வழி இல்ல. ஐஸ்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு வழி இருக்கு. உங்க கரைக்கு."

காபா அத்தை அவரைத் திட்டினாள். அவர் அப்பா பேரையும் தாத்தா பேரையும் சொல்லித் திட்டினாள். அப்பா கம்பத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாராம். பெட்டி திரும்பிப் போயிற்று. நிக்காந்தரை மறுகரையில், களிமண் நிலத்தில் இருக்கும் புதுக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று குடும்பங்கள் கேட்டு அனுப்பின. அவருடைய பதில் மாறவில்லை.

ஒரு முறை நான் அவரிடம் கேட்டேன், ஒரு பெட்டியால் என்ன ஆகிவிடும் என்று.

"ஒரு பெட்டிக்குப் பின்னால பத்துப் படகு வரும். பத்துப் படகுல ரெண்டு துப்பாக்கி இருக்கும். அழுதுக்கிட்டு வர்றவனை எப்படிச் சோதிக்கிறது?"

அவ்வளவுதான் சொன்னார். சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

காபா அத்தை ஊரில் இருந்த ஒரே கடையை நடத்தினாள். ரொட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அப்பா அங்கேதான் போக வேண்டும். அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். அவள் ரொட்டியை எடுத்து மேடையில் வைப்பாள். அவர் எடுத்துக்கொள்வார். ஒரு சொல் கிடையாது. பல ஆண்டுகள் அப்படியே போயின. பனிக்காலத்தில் அவர் பேசியது காலை அழைப்பில் மட்டும்தான். நான் தொலைபேசியில் கூப்பிட்டாலும், முனையின் மேட்டில் ஏறி நின்றால்தான் இணைப்பு கிடைக்கும். காற்றில் பாதி வார்த்தை போய்விடும். "நல்லா இருக்கேன்" என்பது மட்டும் எப்போதும் முழுதாக வந்து சேரும். அந்த மேட்டில்தான் அம்மா இருந்தாள். சாயங்காலங்களில் அங்கே போய் உட்காருவார் என்று வலெரியன் சொல்லித் தெரியும்.

ஒரு திரித்துவச் சனிக்கிழமை நான் அப்பாவின் படகில், கம்பத்தருகே அவரோடு இருந்தேன். காபா அத்தையின் படகு வந்தது. மோட்டார் நின்றது.

"துப்பாக்கி, வலை, நாய்?"

"நாய்தான் இங்கயே கட்டிக் கிடக்கே. இன்னொண்ணு எதுக்கு?"

மற்ற படகுகளில் சிரித்தார்கள். அப்பா முகம் மாறவில்லை. அவள் மடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. அவளுக்குப் பின்னால் வந்த பெண்கள் மடியிலும் அதே மாதிரி முடிச்சுகள். அப்பா அவற்றைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார். "போங்க," என்றார்.

"முடிச்சுல என்னப்பா?"

"என்னமோ. கல்லறையில வைக்கிற பணியாரமா இருக்கும்," என்றார்.

அப்பாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஏறக்குறைய இவ்வளவுதான்.

அப்பா இறந்த தகவல் கேட்டு நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது காப்பகத்தின் இயக்குநர் கிளெப் அந்தோனிச் கரையில் பனிவண்டியோடு காத்திருந்தார். இளைஞர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். காது சிவந்துபோயிருந்தது.

"ரிம்மா சவேலியெவ்னா, நான் இப்ப ஒண்ணு சொல்றேன். சொன்னதா நினைச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"காகிதம் போட்டுக் கேட்டா, மேல இருந்து முடியாதுன்னுதான் வரும். அதனால காகிதமே வேண்டாம். இந்த வாரம் முனைப் பக்கம் ரோந்து கிடையாது. மண்ணு இளகத் தீ மூட்டினாலும் யாரும் பாக்க மாட்டாங்க. உங்கம்மா பக்கத்துல வைங்க. அவருக்கு நாங்க அதைக்கூடச் செய்யலன்னா எப்படி?"

நான் நன்றி சொன்னேன். வழியெல்லாம் நான் கேட்க நினைத்தது அதைத்தான். கேட்காமலே கிடைத்தது. மறுகரையில் அவரை வைத்தால் ஆண்டு முழுக்க அம்மா அந்த மேட்டில் தனியாக இருப்பாள். சாயங்காலம் வந்து உட்கார இனி யாரும் இல்லை. முனைக்குப் புதுக் காவலர் வருவாரா என்பதும் தெரியாது. எனக்கு வேறு உடன்பிறந்தவர் இல்லை. அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள் என்ற ஒன்றாவது எனக்கு வேண்டியிருந்தது.

வலெரியன் முனை வீட்டில் மிஞ்சிக் கிடந்த பலகைகளில் பெட்டி செய்து வைத்திருந்தார். அப்பாவைக் கொட்டகையில், குளிரில் வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் நானும் வலெரியனும் மேட்டுக்குப் போனோம். அம்மாவின் மரச்சிலுவைக்குப் பக்கத்தில் பனியைத் தள்ளி நிலத்தைத் திறந்தோம். இங்கே பனிக்காலத்தில் குழி வெட்ட, முதலில் அந்த இடத்தில் தீ போட்டு மண்ணை இளக வைக்க வேண்டும். அப்பா பிளந்த விறகைக் கொண்டுவந்து அடுக்கினோம். வானம் தெளிவாக இருந்தது. ஏரி கடைசிவரை வெள்ளையாக, அசையாமல் கிடந்தது. கரையோரம்கூட ஒரு விரிசல் இல்லை. லாரியே போகலாம்.

அந்த வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்து வந்தது.

"உதைவண்டி," என்றார் வலெரியன். "காபா அத்தைதான். இந்த வயசுல வேற யாரு வருவா?"

உதைவண்டி என்பது ஒரு நாற்காலியின் அடியில் இரண்டு நீண்ட இரும்புச் சறுக்குகள். பின்னால் நின்று ஒரு காலால் உதைத்துக்கொண்டே போகலாம். ஊர்க் கிழவிகள் எல்லோரும் அதில்தான் கடைக்குப் போவார்கள். அவள் நாணல் விளிம்பில், கம்பம் நிற்கிற இடத்தில் சற்று நின்றாள். பிறகு வந்தாள். மேட்டின் அடியில் வண்டியை விட்டுவிட்டு, தடியை ஊன்றி ஏறினாள். வந்ததும் அடுக்கிய விறகைப் பார்த்தாள்.

"இங்க தீ மூட்டினா குத்தம்டி. உங்கப்பன் என் பேரன் மேலயே புகார் எழுதி விட்டிருக்கான். ஒரு டீ போட்டதுக்கு."

"வாங்க அத்தை."

"வந்துட்டேன். யாரும் நிறுத்தல. கம்பத்துக்கிட்ட நானா நின்னேன். பழக்கம்." அவள் மூச்சு வாங்கினாள். "பெட்டி எங்க?"

"கொட்டகையில."

"மூஞ்சி எப்படி இருக்கு?"

"தூங்குற மாதிரி. அமைதியா."

"உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் அப்படி இல்ல."

வலெரியன் வேறு பக்கம் திரும்பி இருமினார். காபா அத்தை ஒரு விறகுக் கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இயக்குநர் அனுமதி குடுத்துட்டாரா?"

"குடுத்ததா நினைக்கக் கூடாதுன்னு சொன்னார்."

"படிச்சவங்க பேச்சு."

"தடுக்க வந்தீங்களா, அத்தை?"

"நான் யாரு தடுக்க? தடுக்கிறவன் கொட்டகையில கிடக்கான்." கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வை. உங்கம்மா பக்கத்துலயே வை. ஊர்ல கொஞ்ச நாள் பேசுவாங்க. அப்புறம் மீன் ஓட ஆரம்பிச்சா மறந்துடுவாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிடுறேன்."

"கேளுங்க."

"என் நிக்காந்தரைப் பெட்டியோட திருப்பி அனுப்பினான். ஏன் அனுப்பினான்னு நான் யோசிக்காத நாள் இல்ல. ஒரே படகுல வலை போட்டவங்க. வெறுப்பா, பொறாமையா, வேலை போயிடும்னு பயமா? ஒண்ணும் பொருந்தல. கடைசில ஒரு பதிலைப் பிடிச்சுக்கிட்டேன். யாரா இருந்தாலும் அனுப்பியிருப்பான். அன்னைக்கு ஐஸ் வழி விட்டிருந்தா ஃபயினாவையே எங்க கரைக்குத்தான் கொண்டுவந்திருப்பான். அந்த ஒரு பதில்லதான் இத்தனை வருஷமும் அவனுக்கு ரொட்டி எடுத்து வெச்சேன். பேசாமதான் வெச்சேன். ஆனா வெச்சேன். இப்ப நீ இங்க குழி வெட்டினா என் ஆளை எதுக்குத் திருப்பி அனுப்பினான்னு ஆகும்? அதை மட்டும் சொல்லு."

ஏரியைப் பார்த்தேன். அது அசையவில்லை. வழி இல்லை என்று அம்மாவுக்கு அப்பா சொன்ன காரணம் அப்பாவுக்கு இல்லை.

"அம்மா தனியா இருக்காங்க, அத்தை," என்றேன்.

"என் மாமனாரும் மாமியாரும் இங்க கிடக்காங்க. மகன் அங்க கிடக்கான். தனியாத்தான் இருக்காங்க எல்லாரும்." தடியால் பனியைக் கிளறினாள். "நாங்க மண்ணு கொண்டு வருவோம்ல."

"என்ன மண்ணு?"

"அங்க இருந்து. ஒருத்தர் ஒரு கரை, இன்னொருத்தர் ஒரு கரைன்னு ஆயிட்டா, ஒரு குழி மண்ணை எடுத்து இன்னொண்ணு மேல போடணும். இல்லன்னா தேடிக்கிட்டே இருப்பாங்க. வருஷா வருஷம் கைக்குட்டையில முடிஞ்சு கொண்டு வருவேன். வெளி மண்ணு ஒரு துளி உள்ள வரக் கூடாதுன்னு சட்டம். விதை இருக்கும், பூச்சி இருக்கும்னு. உங்கப்பனை ஏமாத்துறேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். வருஷம் பூரா அதுக்காகக் காத்திருப்பேன்."

"பணியாரம்னு அப்பா சொன்னார்."

"அப்படியா சொன்னான்?" அவள் தலையை ஆட்டினாள். "ஒரு வருஷம் முடிச்சு அவுந்துபோச்சு. கம்பத்துக்கிட்டயே, அவன் கண்ணு முன்னால. மடியெல்லாம், படகெல்லாம் மண்ணு. செத்தோம்னு நினைச்சேன். அவன் என் படகு விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஏரியப் பாத்துக்கிட்டு நின்னான். நான் வழிச்சு எடுத்து முடிஞ்சு முடிக்கிற வரைக்கும். அப்புறம் 'துப்பாக்கி, வலை, நாய்'னு கேட்டான். காத்தே இல்லாத நாள்டி அது. படகு ஆடவே இல்ல. எதுக்குப் பிடிச்சான்னு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைச்சுது."

அவள் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"நிக்காந்தருக்கு ஒரு பக்கம் எனக்கு. இன்னொரு பக்கம் காலியா இருக்கு. ஒரே படகுல இருந்தவங்க. வேணும்னா சொல்லு. வேண்டாம்னா தீயை மூட்டு, எனக்குக் கால் விறைக்குது."

மேட்டை விட்டு மெதுவாக இறங்கினாள். நான் அம்மாவின் சிலுவையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டேன். தட்டிய இடத்தில் மறுபடியும் தட்டினேன். ஆளைப் பார்த்து வேலை செய்கிற ரிலேயை என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். கழற்றி ஓரமாக வைத்துவிடுவோம். இங்கே குழி வெட்டி அப்பாவை அப்படிக் கழற்றி வைக்க இருந்தேன்.

"வலெரியன் மாமா, விறகைத் திரும்பக் கொட்டகைக்கே கொண்டு போயிடலாம்," என்றேன்.

அவர் கைநிறைய எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். திறந்த இடத்தைப் பனியால் மூடினேன்.

பெட்டியைப் பனிவண்டிச் சறுக்கில் கட்டி ஏரியின் மேல் கொண்டு வந்தோம். காபா அத்தை பின்னால் உதைத்துக்கொண்டே வந்தாள். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தீ போட்டு, மண் இளகியதும் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். அப்பாவோடு ஆண்டுக்கணக்கில் பேசாதவர்கள். தீக்குப் பிறகும் அடியில் களிமண் இரும்பு மாதிரி இருந்தது.

"செத்தும் நம்மள வேலை வாங்குறான் பாரு, சவேலி."

"முனையில மணலு. இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

"முனைக்குப் போகணுமா? அவன்கிட்ட அனுமதி கேளு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. ஒருவர் தன் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார், முகத்தைத் துடைத்துக்கொள்ள. அப்பாவை நிக்காந்தரின் காலியான பக்கத்தில் இறக்கினோம். மறுநாள் காலை அழைப்பில் முனையின் பெயரைக் கூப்பிடவில்லை என்று வலெரியன் சொன்னார். நான்காவது வீட்டோடு அழைப்பு முடிந்துவிட்டதாம்.

திரித்துவச் சனிக்கிழமைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். அப்பாவின் கல்லறையில் களிமண் வெடித்திருந்தது. ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தேன். காபா அத்தை தன்னுடையதை முடிந்து வைத்திருந்தாள். என்னுடையதை வாங்கிப் பார்த்து, அவிழ்த்து, இன்னொரு முடிச்சுப் போட்டுத் தந்தாள்.

"ஒத்தை முடிச்சு போடாத. அவுரும்."

அவள் படகில் நான்தான் ஓட்டினேன். கம்பத்தில் வலெரியன் இருந்தார். முனைக்கு ஆள் கிடைக்கும்வரை அவர்தான் இரண்டு வீட்டையும் பார்க்கிறார். நான் மோட்டாரை அணைத்தேன். அணைத்ததும் நீரின் சத்தம் கேட்டது. நாணலுக்குள் எங்கோ ஒரு கொக்கு குரல் கொடுத்தது.

"துப்பாக்கி, வலை, நாய்?" என்றார் வலெரியன்.

அவருக்கு அப்பாவின் குரல் வரவில்லை. காபா அத்தை இந்த முறை கேலி செய்யவில்லை. வலெரியன் எங்கள் மடியைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார்.

"போங்க," என்றார்.

விரிகுடாவில் வடக்கே போகிற கடைசிக் கறுப்பு வாத்துகள் இருந்தன. என்ன வாத்து என்று எனக்கும் தெரியாது. நாங்கள் துடுப்புப் போட்டுப் பக்கத்தில் போனபோது கொஞ்சம் ஒதுங்கின. பறக்கவில்லை.

மேட்டில் அம்மாவின் மேல் முடிச்சை அவிழ்த்தேன். முனையின் மண் சாம்பல் நிற மணல். களிமண் அதன் மேல் மஞ்சளாக, தனியாகத் தெரிந்தது. கையால் பரப்பினாலும் தெரிந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். சுற்றிலும் பழைய கல்லறைகளில் அங்கங்கே அதே மஞ்சள் திட்டுகள். மழையில் கரைந்து ஓரமாக ஒதுங்கியவை, புல் முளைத்தவை, புதியவை. நிக்காந்தரின் பெற்றோர் மேல் ஒரு கை அகலத்துக்குத் தடித்தே இருந்தது. இந்த மேட்டில் புல் வெட்டியதும், இலை கூட்டியதும், சாயங்காலம் வந்து உட்கார்ந்ததும் அப்பா ஒருவர்தான்.

காபா அத்தை மீன் வைத்துச் சுட்ட ரொட்டியைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். அம்மாவுக்கும் ஒரு துண்டு வைத்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். மற்ற படகுகள் கிளம்பத் தொடங்கின.

திரும்பும்போது நான் துடுப்புப் போட்டேன். துடுப்புப் போடுகிறவரின் முதுகுதான் போகிற பக்கம் இருக்கும். அதனால் முனை என் கண் முன்னாலேயே இருந்தது. மேடு, பைன் மரங்கள், மூடிய வீடு, புகை இல்லாத புகைபோக்கி. காபா அத்தை எதிரே உட்கார்ந்து எனக்கு வழி சொன்னாள். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. வீடு சிறிதாகி நாணலுக்குப் பின்னால் போயிற்று.

"கம்பம் தாண்டியாச்சு," என்றாள். "மோட்டாரைப் போடு."

"கொஞ்ச தூரம் இப்படியே போறேன் அத்தை."

"கை வலிக்கும்."

"வலிக்கட்டும்."

அவள் காலியான கைக்குட்டையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் துடுப்பை இழுத்தேன்.